அக்கா வீட்டில் பிள்ளைகள்: என்ன எழுதி வைக்க வேண்டும்?

வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். நான் ஒரு நர்ஸ். சங்கரன்கோவில் பக்கம் கிராமம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இப்போது எனக்கும் அங்கே இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. இருவரையும் பாளையங்கோட்டையில் என் அக்கா வீட்டில் விட்டுப் போகிறேன். பத்திர எழுத்தர் ‘பவர் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிடுங்க’ என்கிறார். பெரியப்பா ‘அக்கா பேருக்கே தத்து எழுதிக் கொடுத்துடு, பின்னாடி பிரச்சினை வராது’ என்கிறார். சேர்க்கப்போகும் பள்ளியில் ‘கோர்ட்ல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்க’ என்கிறார்கள். பையனுக்கு வீசிங் வேறு உண்டு. ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் அக்கா கையெழுத்துப் போட முடியுமா?
– பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்: மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். மூன்றுமே வேண்டாம்.

பெரியப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இருப்பதிலேயே ஆபத்தான யோசனை அதுதான். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்படி, தத்துக் கொடுத்த நாளிலிருந்து எல்லா வகையிலும் அது உங்கள் அக்காவின் பிள்ளை. பிரிவு 15 இன்னும் கறாரானது: முறைப்படி நடந்த தத்தைக் கொடுத்தவரும் ரத்து செய்ய முடியாது, எடுத்தவரும் ரத்து செய்ய முடியாது. இரண்டு வருஷம் கழித்து நீங்கள் திரும்பி வந்து ‘சும்மா ஒரு பாதுகாப்புக்காக எழுதினோம்’ என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். இதில் இன்னொரு வேடிக்கை. ஏற்கெனவே மகன் இருப்பவர் ஆண்பிள்ளையையும், மகள் இருப்பவர் பெண்பிள்ளையையும் தத்தெடுக்க அந்தச் சட்டமே அனுமதிப்பதில்லை. உங்கள் அக்காவுக்குப் பிள்ளைகள் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. மகன் இருந்தால் உங்கள் மகனுக்கும், மகள் இருந்தால் உங்கள் மகளுக்கும் எழுதும் பத்திரம் செல்லாக் காகிதம், இல்லாவிட்டால் நிரந்தரச் சிக்கல்.

அடுத்தது பள்ளி. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம்தான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதில்தான் குடும்ப நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ ஜி.டபிள்யூ.ஓ.பி. என்ற பாதுகாவலர் நியமன மனுவைப் போடுவோம். அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? தகப்பனோ தாயோ உயிரோடு இருந்து, அவர் பிள்ளைக்குப் பாதுகாவலராக இருக்கத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாத வரை, வேறொருவரை அந்தப் பிள்ளைக்குப் பாதுகாவலராக நியமிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. நீங்கள் இருவரும் இருக்கிறீர்கள், ஒரு குறையும் இல்லை. பள்ளி கேட்கும் ஆர்டரை வாங்க வேண்டுமென்றால் ‘நாங்கள் தகுதியில்லாத பெற்றோர்’ என்று நீங்களே நிரூபிக்க வேண்டும். வேண்டுமா இது?

தலைமையாசிரியரிடம் சண்டை போடாமல் இதைச் சொல்லுங்கள்: 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒரு பிள்ளையைக் கவனித்துத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரையே ‘பாதுகாவலர்’ என்கிறது. நீதிமன்றம் நியமித்தவரும் அதில் சேர்த்தி, அவ்வளவுதான். அவர் மட்டும்தான் என்று அது சொல்லவில்லை. உங்கள் இரு பிள்ளைகளும் எட்டாம் வகுப்புக்குள்தான் இருக்கிறார்கள், அந்தச் சட்டம் இருவருக்கும் பொருந்தும். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ சேர்ப்பதாக இருந்தால், டி.சி. வரத் தாமதமானது என்று சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது.

பவர் பத்திரம் தப்பில்லை, தேவையில்லை. பத்திர எழுத்தரிடம் இருப்பது பெரும்பாலும் நிலத்துக்கான மாதிரிதான். பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ‘விற்கவும் அடமானம் வைக்கவும் கிரயம் பெறவும்’ என்ற வரிகள் அப்படியே உள்ளே கிடக்கும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு எதற்கு அடமான அதிகாரம்? எது எழுதினாலும் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்படியானால் என்னதான் எழுதுவது? நம் சட்டத்தில் இதற்கென்று அச்சடித்த படிவம் எதுவும் கிடையாது. பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ஒரு ஒப்புதல் கடிதம் போதும். அதற்கு என்ன மதிப்பு என்று கேட்டால், 110 வருஷத்துக்கும் முந்தைய நம்ம ஊர் வழக்கு ஒன்றைச் சொல்வேன். சென்னை அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த நாராயணய்யா, 1910-ல் தன் இரு மகன்களின் பாதுகாவலராகச் சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையாரை ஏற்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மூத்த பையன்தான் பின்னாளில் உலகம் அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. கொஞ்ச காலத்தில் தகப்பனுக்கு மனம் மாறிவிட்டது. பிள்ளைகளோ அதற்குள் இங்கிலாந்தில். 1912-ல் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். பெசன்ட் அம்மையார் வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். 1913-ல் சென்னை உயர் நீதிமன்றம் தகப்பன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1914-ல், அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், வழக்குப் போட்ட முறையே சரியில்லை, பையன்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் வசிக்கவில்லை என்று சொல்லி அதைத் தள்ளுபடி செய்தது. பெசன்ட் ஜெயித்தார். ஆனால் போகிற போக்கில் பிரிவி கவுன்சில் சொன்ன இரண்டு விஷயங்களைத்தான் இன்றும் கோர்ட்டில் எடுத்துச் சொல்கிறோம். பெற்றவர் தன் பிள்ளையின் வளர்ப்பையும் படிப்பையும் இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம், ஆனால் அந்த அதிகாரம் எப்போதும் திரும்பப் பெறக்கூடியதுதான். இது ஒன்று. அந்த ஒப்படைப்பினால் பிள்ளைக்கு ஒரு புது வாழ்க்கை அமைந்து, அதைக் கலைப்பது பிள்ளைக்கே நல்லதில்லை என்றால் நீதிமன்றம் தலையிடலாம். இது இரண்டாவது. முதலாவது உங்களுக்கு நிம்மதி. இரண்டாவதை மறந்துவிடாதீர்கள். இரண்டு வருஷம் என்றால் இரண்டு வருஷத்தில் வந்துவிடுங்கள்.

கடிதத்தை இப்படி எழுதலாம்: “இன்ன தேதிகளில் பிறந்த இன்ன பிள்ளைகளின் தாயும் தந்தையுமான நாங்கள், வேலை நிமித்தம் வெளிநாட்டில் இருப்பதால், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை அவர்களை அவர்களுடைய பெரியம்மாவான இன்னாரின் பொறுப்பில் விட்டிருக்கிறோம். பள்ளியில் சேர்ப்பது, பள்ளி ஆவணங்களில் கையெழுத்திடுவது, மருத்துவச் சிகிச்சைக்கு ஒப்புதல் தருவது, எங்களைத் தொடர்புகொள்ள முடியாத அவசரத்தில் அறுவை சிகிச்சைக்கும் ஒப்புதல் தருவது, இந்தியாவுக்குள் வெளியூர் அழைத்துப் போவது ஆகியவற்றுக்கு அவருக்கு அதிகாரம் தருகிறோம். பிள்ளைகளின் சொத்து, வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட், தத்து, திருமணம் ஆகியவற்றில் அவருக்கு அதிகாரம் இல்லை. இந்த அதிகாரத்தை நாங்கள் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம்.” கீழே உங்கள் இருவரின் கையெழுத்து, ‘சம்மதம்’ என்று அக்காவின் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், மஸ்கட் முகவரி, போன் நம்பர்கள். அக்கா வீட்டுக்காரரையும் ஒரு சாட்சியாகப் போடச் சொல்வேன். அவர் வீட்டில்தானே பிள்ளைகள் வளரப்போகிறார்கள், பின்னால் ‘என்னைக் கேட்டா விட்டாங்க?’ என்ற பேச்சு வரக் கூடாது.

முத்திரைத்தாளில் அடித்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை ரூபாய்த் தாள் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: நோட்டரி முத்திரை, கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்பதற்குத்தான் சாட்சி. முத்திரை குத்தியதால் கடிதத்தில் இல்லாத அதிகாரம் எதுவும் புதிதாக வந்துவிடாது. ஆனால் சிவப்பு முத்திரையைப் பார்த்தால் நம் ஊர் அலுவலகங்களில் மரியாதையே தனி, அதனால் போட்டுவிடுவோம்.

வீட்டுக்காரரின் கையெழுத்தை விட்டுவிடாதீர்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு இயற்கைப் பாதுகாவலர் என்று தகப்பனைத்தான் முதலில் சொல்கிறது. அவர் லீவில் வரும்போது சேர்ந்தே போடுவது சுலபம். வர முடியாது என்றால் மஸ்கட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தைச் சான்றுறுதி செய்து அனுப்பட்டும். பவர் வடிவில் எழுதினால், தாள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும்.

இனி உங்கள் பையனின் வீசிங். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நல்ல எண்ணத்தோடு செய்யும் காரியத்துக்கு, பாதுகாவலர் ‘அல்லது அந்தக் குழந்தையைச் சட்டப்படி தன் பொறுப்பில் வைத்திருக்கும் வேறொருவர்’ ஒப்புதல் தரலாம் என்கிறது. அந்த ‘வேறொருவர்’ யார் என்று காட்டத்தான் உங்கள் கடிதம். நெபுலைசர் வைப்பதற்கும் ஊசி போடுவதற்கும் அக்காவின் கையெழுத்து தாராளமாகப் போதும். அறுவை சிகிச்சை என்று வந்தால் ஆஸ்பத்திரிகள் பெற்றோரைத் தேடும். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளே, சிறுவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கச் சொல்கின்றன. அப்போது கடிதத்தில் உள்ள அறுவை சிகிச்சை வரியும், உங்களுக்கு ஒரு வீடியோ காலும் கைகொடுக்கும். யாரையும் பிடிக்க முடியாத, நேரமே இல்லாத நிலையில் டாக்டர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, அதே சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு அவரைக் காப்பாற்றும். மகளுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தால் 27-ஆம் பிரிவு அவளுக்குப் பொருந்தாது. அதனாலேயே கடிதத்தில் மருத்துவ வரியை இருவர் பெயரும் சொல்லித் தெளிவாக எழுதச் சொல்கிறேன்.

நீங்கள் நர்ஸ், உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் பையனுக்கு என்ன இன்ஹேலர், எத்தனை பஃப், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் யார் என்று ஒரு தாளில் எழுதிக் கடிதத்தோடு பின் செய்து வையுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு அக்காவுக்கு எந்தச் சட்டப் பிரிவைவிடவும் அந்தத் தாள்தான் உதவும்.

லீவுக்குப் பிள்ளைகளை மஸ்கட் கூப்பிடும் எண்ணம் இருந்தால் பாஸ்போர்ட்டை நீங்கள் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். சிறுவர் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோரின் உறுதிமொழி வேண்டும், அக்காவின் கடிதம் அங்கே செல்லாது. பிள்ளைகள் பெயரில் வீடோ மனையோ இருந்தால் அதையும் யாரும் தொட முடியாது. இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதி இல்லாமல் நீங்களே விற்க முடியாதபோது அக்கா எப்படி விற்பார்?

கடைசியாக, மகளிடம் கேட்டீர்களா? ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் விருப்பம் சொல்லத் தெரியும். வழக்கு என்று வந்தால் நீதிபதிகளே அந்த வயதுப் பிள்ளையிடம் கேட்கிறார்கள்.

கேள்வி: என் மனைவி மூன்று வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். அப்போது மகளுக்கு இரண்டு வயது. என் வேலை கோவையில், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. திண்டுக்கல்லில் மாமனார் வீட்டில் விட்டேன், எதுவும் எழுதவில்லை. மாதாமாதம் பணம் அனுப்பினேன். போன வருடம் மறுமணம் செய்துகொண்டேன். இப்போது ‘சித்தி வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்’ என்கிறார்கள். எனக்கு உரிமை உண்டா, இல்லையா?
– கோவை வாசகர்

பதில்: உண்டு. சட்டப்படி இயற்கைப் பாதுகாவலர் நீங்கள்தான், மறுமணத்தால் மட்டும் அது போய்விடாது. 2019-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. தாய் புற்றுநோயில் இறந்துவிட்டார், தகப்பனும் கடும் நோயில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கைக்குழந்தையைத் தாயின் கூடப்பிறந்தவர்கள் எடுத்து வளர்த்தார்கள். தகப்பன் தேறி வந்து கேட்டபோது கொடுக்க மறுத்தார்கள். ஆட்கொணர்வு மனுவிலேயே குழந்தையைத் தகப்பனிடம் கொடுத்த மும்பை உயர் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பார்த்துக்கொண்ட உறவினர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலர் உரிமை எதுவும் இல்லை என்பதையும் சொன்னது.

ஆனால் அந்தக் குழந்தைக்கு அப்போது வயது மிகக் குறைவு, பிரிந்திருந்த காலமும் கொஞ்சம்தான். உங்கள் மகளுக்கு இப்போது ஐந்து. பாட்டி மடியில்தான் அவளுக்கு நினைவே தொடங்கியிருக்கும். முதல் பதிலில் சொன்னேனே, பிரிவி கவுன்சிலின் அந்த இரண்டாவது பேச்சு? அதைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் எடுப்பார். உரிமையைவிடப் பிள்ளையின் நலனே முக்கியம் என்று இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் சொல்கிறது. அதனால் நாளைக்கே மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் சனி, ஞாயிறுகளில் திண்டுக்கல் போய்விட்டு வாருங்கள். புது மனைவியையும் அழைத்துப் போங்கள், மாமியார் முகத்தைத் திருப்பினாலும் பரவாயில்லை. பள்ளி விடுமுறையில் பத்து நாள் கோவைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பணத்தை மாமனாரின் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள், கையில் கொடுத்தால் கணக்குக் காட்ட முடியாது. அதற்கும் மசியவில்லை என்றால், பிள்ளை வசிக்கும் ஊர்தான் எல்லை என்பதால் திண்டுக்கல்லில்தான் மனுப் போட வேண்டியிருக்கும். இதையெல்லாம் வருடக்கணக்கில் ஆறப்போடாதீர்கள், ஒவ்வொரு வருடமும் அவர்கள் பக்கம்தான் தராசு சாயும்.

கேள்வி: கணவர் நாலு வருஷமாக எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. எனக்கு மார்பில் ஆபரேஷன், அப்புறம் ஆறு மாதம் சென்னையில் சிகிச்சை. பத்து வயது மகனைப் பக்கத்து வீட்டுத் தோழியிடம் விடப்போகிறேன். உறவு கிடையாது, ஆனால் உறவைவிட மேல். நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லுமா? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?
– விருதுநகர் வாசகி

பதில்: செல்லும். தகப்பனுக்கு ‘அவருக்குப் பின்’ தாய் என்று சட்டத்தில் இருப்பதை, அவர் செத்தால்தான் என்று அர்த்தப்படுத்தக் கூடாது, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாய்தான் பாதுகாவலர் என்று 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் பதிலில் உள்ள கடிதத்தையே ஒருமையில் எழுதுங்கள். கணவர் எப்போது போனார், எப்போதிலிருந்து தொடர்பில்லை என்று ஒரு வரி சேருங்கள். போலீஸில் புகார் கொடுத்திருந்தால் அதன் நகலும் வையுங்கள்.

தோழி உறவில்லை என்பதால் சில இடத்தில் புருவத்தை உயர்த்துவார்கள். நீங்கள் சென்னை கிளம்புவதற்கு முன் தோழியை நேரில் அழைத்துப் போய் வகுப்பாசிரியரிடம் அறிமுகம் செய்துவையுங்கள். கடிதத்தின் நகல் ஒன்று பள்ளியில் இருக்கட்டும்.

இரண்டாவது கேள்வியைத் தள்ளிப்போடாமல் கேட்டிருக்கிறீர்கள், நல்லது. கடிதம் உங்கள் உயிரோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகும் பேச வேண்டுமென்றால் உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாளும் பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களும் போட வேண்டும். மகனுக்கு யார் பாதுகாவலராக வேண்டும், ஏன் என்று அதில் எழுதுங்கள். கணவர் திரும்பி வந்து உரிமை கேட்டால் உயில் மட்டுமே அவரைத் தடுத்துவிடும் என்று உறுதி சொல்ல மாட்டேன். நீதிமன்றம்தான் முடிவு செய்யும். ஆனால் தாயின் விருப்பம் எழுத்தில் இருப்பதற்கும் இல்லாததற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. தோழிக்குப் பதிலாக அல்லது கூடவே உங்கள் பக்க உறவு ஒருவர் இருந்தால் அவர் பெயரையும் சேர்ப்பது நல்லது. நல்லபடியாகச் சிகிச்சை முடிந்து வாருங்கள்.

கேள்வி: மகனும் மருமகளும் துபாயில். பேத்தி எங்களிடம் வளர்கிறாள். அவள் பெயரில் தபால் நிலையத்தில் நானே கார்டியனாக இருந்து செல்வமகள் கணக்குத் தொடங்கினேன். இப்போது ‘தாத்தா கார்டியனாக இருக்க முடியாது’ என்கிறார்கள். என்ன நியாயம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: அவர்கள் சொல்வது சரிதான், சார். பெற்றோர் உயிரோடு இருக்கும்போது அந்தக் கணக்குக்குக் கார்டியன் அவர்கள்தான், அல்லது நீதிமன்றம் நியமித்தவர். தாத்தா, பாட்டி தொடங்கிய கணக்குகளைப் பெற்றோர் பெயருக்கு மாற்றச் சொல்லி மத்திய நிதித்துறை 2024-ல் உத்தரவு போட்டது, அந்த வருடம் அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மகன் எழுதித் தரும் ஒப்புதல் கடிதம் இங்கே உதவாது, கார்டியனையே மாற்ற வேண்டும். கணக்கை மூட வேண்டாம். மகனோ மருமகளோ அடுத்து ஊருக்கு வரும்போது பாஸ்புக், பேத்தியின் பிறப்புச் சான்றிதழ், அவர்களுடைய ஆதார், பான் ஆகியவற்றோடு அதே தபால் நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பேத்திக்கு ஏற்கெனவே அவர்கள் ஒரு கணக்குத் தொடங்கியிருக்கிறார்களா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள், ஒரு பெண் குழந்தைக்கு ஒரு கணக்குத்தான்.